கழுத்தில் ஒரு டவுன் பஸ்

சென்னியப்பனின் வலது காலுக்கு அடியில் ஒரு பிரேக் இருந்தது. அவர் எங்கே போய் உட்கார்ந்தாலும் அதுவும் அங்கே வந்துவிடும்.

வண்டிக்குள் மட்டும் இருந்திருந்தால் யாரும் அதைப் பற்றிப் பேசியிருக்கமாட்டார்கள். அவர் ஈரோட்டில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்ள வருகிறவர் வலது பக்கம் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலசாமியைக் கூப்பிடுவார். மாஸ்டர் இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். அவர் பக்கமும் தனியாக ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். அது தொழில். ஆனால் இது சாப்பாட்டு மேஜைக்கு அடியிலும் இருந்தது. சலூன் நாற்காலிக்கு முன்னாலும் இருந்தது. மாமனார் வீட்டு சோபாவுக்கு அடியில்கூட இருந்தது. அங்கே மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.

அழுத்தினால் எதிரில் நடப்பது நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

மனைவி பூங்கோதை ரசம் ஊற்றுவாள். கரண்டி கொஞ்சம் வேகமாகச் சாய்வதுபோல் இவருக்குத் தோன்றும். கால் தானாக அழுந்தும். ரசம் கரண்டிக்கும் தட்டுக்கும் நடுவில் அப்படியே நிற்கும், தக்காளித் தோலும் கொத்தமல்லியுமாக.

"காலை எடுங்க. ஆறுது," என்பாள் பூங்கோதை.

எடுப்பார். ரசம் விழும். கல்யாணமான புதிதில் இது என்ன என்று அவள் ஒருமுறை கேட்டாள். "பழக்கம்," என்றார். சிகரெட்டு, சீட்டாட்டம் என்று ஊரில் ஆம்பளைகளுக்கு ஆயிரம் பழக்கம். இது தேவலை என்று விட்டுவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, சென்னியப்பனிடம் படித்தவர்கள் இதுவரை ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. காரணம், அவர்களில் யாருக்கும் பிரேக் போடத் தெரியாது. அவர்களுக்கு முன்னால் இவர் போட்டுவிடுவார். நாய் குறுக்கே வர நினைத்தால் போட்டுவிடுவார். நாய்க்கு அந்த நினைப்பு வருவதற்கு முன்னாலேயே போட்ட நாட்களும் உண்டு. அதனால் பெருந்துறை ரோட்டில் பாதிப் பேர் சிக்னலில் பிரேக்கை மிதிப்பதில்லை. இடது பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். பாங்க்கில் வேலை பார்க்கும் சௌந்தரவல்லி மேடம், லைசென்ஸ் வாங்கிப் பல வருஷம் ஆன பிறகும், காலியான இடது சீட்டைப் பார்த்து "மாஸ்டர்" என்று மரியாதையாக ஒரு குரல் கொடுப்பார். சென்னியப்பன் அப்போது வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். கால் அழுந்தும். பெருந்துறை ரோட்டில் வண்டி நிற்கும்.

இப்படி ஒரு மனிதருக்கு ஓய்வு எங்கே கிடைக்கும்? அவரைக் கேட்டால், "எனக்கென்னங்க டென்ஷன், நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்," என்பார். தோள் காது வரைக்கும் ஏறியிருக்கும்.

அவருக்கு ஒரே மகள், சுடர்விழி. மாஸ்டர் மகளுக்கே கார் ஓட்டத் தெரியாது என்று தெருவில் கேலி உண்டு. அது அநியாயம். அவளுக்கு ஓட்டத் தெரியும். வண்டிதான் நகராது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் இவர் காலை எடுப்பதே இல்லை. வருஷக்கணக்காக அப்பாவும் மகளும் வீட்டு வாசலில் நின்றபடியே ஓட்டிப் பழகினார்கள். அவள் இண்டிகேட்டர் போடுவாள், கண்ணாடி பார்ப்பாள், கியர் மாற்றுவாள். வீடு அதே இடத்தில் இருக்கும். "நெம்ப நல்லா ஓட்டற சாமி," என்பார் அவர். மனசாரத்தான் சொல்வார்.

சுடருக்கு ஐதராபாத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில். வியாழக்கிழமை காலையில் அவள் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி ஹால் நடுவில் திறந்தாள். சென்னியப்பன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கால் அழுந்தியது.

அழுந்திய கால் எழவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வரை போனது. அதற்குமேல் ஏறவில்லை. மேட்டில் திணறும் வண்டியைப் போலக் கொஞ்சம் பின்னுக்கு வந்து, மறுபடி காலையில் நின்றது. பால்காரர் வந்தார். பேப்பர் வந்தது, அதே பேப்பர். சுடர் பெட்டியைத் திறந்து, நேற்று வைத்த நீலச் சுடிதாரை எடுத்து மறுபடி மடித்தாள்.

ஊர் ஒன்றும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வியாழன் என்றால் வியாழன். குரு பகவானுக்குக் கூட்டம் கூடியது. கொண்டைக்கடலை மாலை கட்டிக் கட்டிக் கடைத்தெருவில் கொண்டைக்கடலையே கிடைக்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கும் தறிக்காரர்கள் மட்டும் முணுமுணுத்தார்கள். யார் கால் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டு விஷயத்தில் நாம் தலையிடக்கூடாது என்று இருந்துவிட்டார்கள்.

சென்னியப்பனுக்குத்தான் கழுத்து பிடித்துக்கொண்டது. இடது பக்கம் திரும்பவில்லை. பிறகு வலது பக்கமும் திரும்பவில்லை. பூங்கோதை எண்ணெய் தடவினாள், ஒத்தடம் கொடுத்தாள். வாக்கிங் போகச் சொன்னாள். போனார். எதிரில் நடந்து வந்தவர்கள் எல்லாம் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்கள். தெருக்காரர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் 'மன அழுத்தத்தை வெல்வோம்' என்று ஒரு இலவச முகாம் நடந்தது. டீயும் போண்டாவும் உண்டு. பூங்கோதை அவரை அழைத்துக்கொண்டு போனாள்.

கோயமுத்தூரிலிருந்து வந்த பயிற்சியாளர் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார்.

"நீங்க கடற்கரைல நிக்கறீங்க. அலை வருது. அது உங்க கவலையெல்லாம் எடுத்துட்டுப் போகப்போகுது."

அலை வந்தது. நல்ல பெரிய அலை. சென்னியப்பனின் கால் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. அலை மேடைக்குப் பக்கத்தில் செங்குத்தாக நின்றது.

"யாருங்க அலையை நிறுத்துனது?" என்றார் பயிற்சியாளர்.

சென்னியப்பன் கையைத் தூக்கினார். "முன்வரிசைல வயசானவங்கல்லாம் உக்காந்திருக்காங்கங்க."

"அது கற்பனைங்க."

"கற்பனையின்னா உங்க பேண்ட்டு எப்படிங்க நனைஞ்சுது?"

பயிற்சியாளர் குனிந்து பார்த்தார். முழங்கால் வரை நனைந்திருந்தது.

"நீங்க டாக்டரைப் பாக்கறது நல்லது," என்றார். "போறப்ப அலையை விட்டுட்டுப் போங்க."

இவர் விடவில்லை. அது இன்னும் அங்கேதான் நிற்கிறது. ரிசப்ஷனுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மண்டபத்துக்காரருக்குச் சந்தோஷம்.

டாக்டர் ரெஜினாமேரி அதிகம் பேசாதவர். ஸ்டெதஸ்கோப்பை நேராகக் கழுத்தில் வைத்தார். கண்ணை மூடிக் கேட்டார். இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்திக் கேட்டார்.

"கண்டக்டர் விசில் கேக்குது," என்றார். "கழுத்துல ஒரு டவுன் பஸ் நிக்குது."

"ஆளுக இருக்காங்களா?" என்றார் சென்னியப்பன்.

"ஸ்டாண்டிங்கும் இருக்காங்க."

"எந்த ரூட்டுங்க டாக்டர்?" என்று கேட்டாள் பூங்கோதை.

"பள்ளிபாளையம்."

"அதானே பாத்தேன்," என்றாள் பூங்கோதை. "போன தீவாளிக்கு முன்னால போனது, ஊரு போய்ச் சேரவே இல்லைன்னாங்க."

டாக்டர் தோளில் வைத்தார். அங்கே ஒரு குக்கர் பாதி விசிலில் இருந்தது. முதுகுத்தண்டு நெடுகப் பாதிப் பேச்சுகள் அடுக்கியிருந்தன. "பெரும்பாலும் இவங்க குரல்," என்று பூங்கோதையைக் காட்டினார். பூங்கோதைக்கு முகம் மலர்ந்தது. இத்தனை வருஷம் பேசியது எதுவும் வீணாகவில்லை.

"நீங்க நிறுத்தறதெல்லாம் எங்க போகும்னு நினைச்சீங்க?" என்றார் டாக்டர்.

"நின்னுரும்னு நெனச்சேனுங்க."

"நிக்குது. உங்க மேலதான் நிக்குது."

மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் சென்னியப்பன். பஸ்ஸுக்கு மாத்திரை கிடையாது என்றார் டாக்டர். பிறகு நெஞ்சில் வைத்தார். அங்கே நிறைய நேரம் கேட்டார். முகம் மாறியது.

"இதென்ன இவ்வளவு பெருசு?"

"வியாழக்கெழமைங்க," என்றாள் பூங்கோதை மெதுவாக.

"கழுத்துல இடமில்லாம நெஞ்சுக்கு இறங்கிட்டிருக்கு. முழுசா இறங்கிட்டா அப்புறம் நீங்களும் நின்னுருவீங்க." டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினார். "சின்னதுல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா வெளிய விடுங்க. மூச்சை நல்லா இழுத்து, மெதுவா விடும்போது விடுங்க. விட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அந்தக் காலுக்குத் தெரியணும். காலுக்கு மூளை கிடையாது, பாவம். பாத்துப் பாத்துத்தான் கத்துக்கும்."

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சை இழுத்து விட்டார். காதுக்குள்ளிருந்து குக்கரின் பாதி விசில் வந்தது. சுடர் தன்னையறியாமல் அடுப்படிக்கு ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

இன்னொரு மூச்சு விட்டார். "அதுக்குத்தான் எங்கண்ணன் வீட்டுல ஒரு நாள் தங்கிட்டு வரலாம்னு சொல்றேன்," என்று பூங்கோதையின் குரல் அவர் வாயிலிருந்து வந்தது. பழைய குரல். அவளுக்கு அப்போது ரொம்பச் சின்ன வயசு.

"இப்பவாச்சும் காதுல விழுந்துச்சே," என்றாள் பூங்கோதை.

"போலாமா?"

"அந்த வீட்டை வித்தாச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த மூச்சில் ஒரு செவலை நாய் வந்தது. ரோட்டைத் தாண்ட நினைப்பதற்கு முன்னாலேயே நிறுத்தப்பட்ட நாய். அது ஹாலைக் குறுக்கே கடந்து, சுடரின் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, வாசல் வழியாக வெளியே போனது. யார்மேலும் எதுவும் மோதவில்லை. சென்னியப்பனின் கால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கழுத்து கொஞ்சம் லேசானது. ஆனால் பஸ் கிளம்பவில்லை. வியாழக்கிழமையும் கிளம்பவில்லை.

சுடர் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். நீலச் சுடிதார் மடியில் இருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் சாயம் போக ஆரம்பித்திருந்தது.

"அப்பா, வெள்ளிக்கெழம எப்ப வருமுங்க?"

சென்னியப்பன் ஃபேனைப் பார்த்தார். "அங்க சாப்பாடு நெம்பக் காரமா இருக்கும்."

"இருக்கட்டும்."

"ரோடெல்லாம் அகலம். தாண்டறப்ப யாரு பாப்பாங்க?"

"நான் பாப்பேன்."

"நீ இடது பக்கம் திரும்பிப் பாப்பே. நான் இருக்க மாட்டேன்."

சுடர் சுடிதாரைக் கீழே வைத்தாள். "திங்கக்கெழம நான் போகலைன்னா அந்த நாற்காலில வேற ஆளு உக்காந்துருவாங்க. திங்கக்கெழம வராதுன்னு நெனச்சுட்டிருக்கீங்க. இங்கதானப்பா வராது. ஐதராபாத்ல இன்னிக்குச் சனிக்கெழமயாம். காலைல போன் பண்ணிக் கேட்டேன்."

சென்னியப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால்தான் ஏற்கெனவே ஓடவில்லையே. அவருக்குப் பயம். பிறந்த அன்றைக்கு அவளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது வந்த பயம். அதற்கு அவர் இத்தனை நாளும் ஜாக்கிரதை என்று பெயர் வைத்திருந்தார். மகள் சொன்ன அந்தச் சனிக்கிழமை அவரை உண்மையிலேயே உலுக்கிவிட்டது. மகள் இல்லாத ஊரில் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் இருக்கிற ஊரில் ஓடவில்லை.

"நீ போகோணும் சாமி," என்றார். "எனக்கும் ஆசைதான். கால்தான் கேக்க மாட்டேங்குது."

"ஸ்டேசனுக்கு நான் ஓட்டறேன். அம்மா முன்னால உக்காரட்டும். நீங்க பின்னால ஏறுங்க."

"பின்னால உக்காந்து எனக்குப் பழக்கமில்ல."

"எனக்கும் வாசலைத் தாண்டிப் பழக்கமில்லப்பா," என்றாள் சுடர். பெட்டியை மூடினாள்.

பின் சீட்டில் ஏறியதும் அவர் கீழே பார்த்தார். பிரேக் வந்திருந்தது. அது என்ன செய்யும், அதற்கு இவரை விட்டால் யார்? சென்னியப்பன் செருப்பைக் கழற்றினார். இரண்டு கைகளாலும் வலது காலைப் பிடித்து, சேற்றில் ஊன்றிய கம்பைப் பிடுங்குவதுபோல் மேலே இழுத்தார். வந்தது. சீட்டின்மேல் சம்மணம் போட்டு, பந்தியில் உட்காருவதுபோல் உட்கார்ந்துகொண்டார். கால் கட்டைவிரலை விடாமல் பிடித்துக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. வாசல் பின்னால் போனது. சுடர் அதைக் கண்ணாடியில் பார்த்து, "அய்யோ, வீடு போகுதுங்கம்மா," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தெரு முனையில் வெள்ளிக்கிழமை ஆனது. வெயில் சட்டென்று இடம் மாறியது. பெண்கள் தலையில் பூவோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கொண்டைக்கடலை மாலைக்காரர் கூடையைப் பார்த்தபடி நின்றார். அடுத்த கடையில் எலுமிச்சம்பழம் வாங்க ஆள் கூடியிருந்தது.

காளைமாட்டுச் சிலைக்குப் பக்கத்தில் ஒரு தக்காளி வேன் குறுக்கே வந்தது. சென்னியப்பனின் கால் சீட்டிலிருந்து கீழே இறங்கப் பார்த்தது. அவர் அதை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கண்ணை மூடினார்.

வண்டி நின்றது.

அந்த பிரேக் அவர் போட்டதில்லை. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. உடம்பு மெதுவாக முன்னால் சாய்ந்து, பின்னால் வந்து சீட்டில் பதிந்தது. இன்னொருத்தர் போட்ட பிரேக்கில் அவர் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. எவ்வளவு சுகமாக இருக்கிறது, இத்தனை பேருக்குக் கொடுத்த நாம் ஒரு தடவைகூட வாங்கிக்கொள்ளவில்லையே என்று நினைத்தார். பக்கத்து வண்டியில் சௌந்தரவல்லி மேடம் காலி சீட்டைப் பார்த்து "மாஸ்டர்" என்றார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தானே மிதித்தார். நின்றது. மேடம் குனிந்து தன் காலைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் கழுத்தில் மடக்கென்று ஒரு சத்தம். சட்டைக் காலருக்கும் காதுக்கும் நடுவிலிருந்து டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வெளியே வந்தது. ஜன்னல் வழியாக ரோட்டில் இறங்கி அவர்களை முந்தியது. உள்ளே எல்லோர் மடியிலும் போன தீபாவளித் துணிப்பைகள்.

படியில் தொங்கிய கண்டக்டர் குனிந்து உள்ளே பார்த்தார். "ஏனுங்க, இத்தன நாளு நிறுத்தி வெச்சா ஆளுக பொழப்பு என்னாவறது?"

"மன்னிச்சுக்கங்க," என்றார் சென்னியப்பன்.

"பரவால்லைங்க. கொஞ்சம் இடுக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

பஸ் போனது. சென்னியப்பன் தலையை இடது பக்கம் திருப்பினார். திரும்பியது. வலது பக்கம் திருப்பினார். அங்கே ஒரு பெரிய பேக்கரி இருந்தது.

"இது எப்ப வந்துது?"

"அது வந்து நம்ம சுடரு காலேஜே முடிச்சுட்டா," என்றாள் பூங்கோதை.

பிளாட்பாரத்தில் அவர் குதிகாலை மட்டும் ஊன்றி நடந்தார். ஐதராபாத் வண்டி வந்தது. சுடர் பெட்டியோடு ஏறி, கதவுப் பக்கம் நின்றாள். தண்ணி பாட்டில் இருக்கிறதா என்று பூங்கோதை கேட்டாள். இருக்கிறது என்றாள் சுடர். வண்டி நகர்ந்தது. ஒரு பெட்டி தூரம் போனது.

நின்றது.

ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் வெளியே வந்தன. கார்டு இறங்கிப் பார்த்தார். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லோரும் சென்னியப்பனின் வலது காலைப் பார்த்தார்கள். அது முழுசாக, தரையோடு தரையாக அழுந்தியிருந்தது.

"அப்பா," என்றாள் சுடர்.

"அதுவா அழுந்திருச்சு சாமி."

"தெரியுங்கப்பா."

அவள் கோபப்படவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவரால் தாங்கமுடியவில்லை. தூக்கிப் பார்த்தார். வரவில்லை. கண்ணீர் வந்தது. துடைக்காமல் அழுதார்.

பூங்கோதை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புடவையைச் செருகிக்கொண்டு, பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்தாள். முள் எடுக்கப் பிடிப்பதுபோல் அவர் காலை இரண்டு கைகளாலும் பிடித்தாள். "என்மேல சாஞ்சுக்கங்க," என்றாள். அவர் அவள் தோளில் கையை ஊன்றினார். கால் தரையை விட்டு எழுந்தது.

வண்டி நகர்ந்தது. சுடர் கையாட்டினாள். சென்னியப்பன் ஒற்றைக் காலில் நின்று கையாட்டினார். அவள் முகம் சின்னதாகி, கை மட்டும் தெரிந்தது. பிறகு கதவு மட்டும் தெரிந்தது. கடைசிப் பெட்டியும் பிளாட்பாரத்தைத் தாண்டியது.

கூட்டம் கலைந்தது. பூங்கோதை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எறக்கலாமுங்களா?" என்றாள். "கை கடுக்குது."

"இன்னுங் கொஞ்சம் புடிச்சுக்கம்மணி," என்றார் சென்னியப்பன். "வண்டி காவேரிப் பாலம் தாண்டட்டும். அதுக்கப்புறம் என் காலு எட்டாது."